உதவியாளர் நான்கு

ஜனவரி 12

அக்காவுக்கு,

மூன்று வருஷமாக ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடவில்லை என்றால் மேலே படி. ஃபோனில் பேசிவிடலாம் என்று இரண்டு முறை உன் நம்பரை எடுத்தேன். அடிக்கத் தைரியம் வரவில்லை. எழுத்தில் என்றால் நடுவில் நிறுத்தி யோசிக்க இடம் கிடைக்கும்.

பாப்பாவின் நூலக அட்டையை நிறுத்திவிட்டதாக உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் பொது நூலகத்தில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இன்னும் புத்தகம் அடுக்குகிறேன் என்று நினைத்திருப்பாய். இரண்டு வருஷமாக எனக்கு மூன்றாவது மாடியில் வேறு வேலை. நூலகத்தின் இணையதளத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. பாட வீடியோ, பயிற்சித் தாள், படம் போட்ட கலைக்களஞ்சியம் எல்லாம் அதில் இருக்கும். மாலை மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை ‘வீட்டுப்பாட உதவி’ என்று ஒரு பெட்டியும் திறந்திருக்கும். பிள்ளைகள் அட்டை எண்ணைப் போட்டு உள்ளே வந்து சந்தேகத்தை எழுதுவார்கள். நாங்கள் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து பதில் எழுதுவோம். எங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது, வெறும் நம்பர்தான். எங்களுக்கும் அவர்களுடைய அட்டை எண் மட்டும்தான் தெரியும். விடையைச் சொல்லிவிடக் கூடாது, திருப்பிக் கேள்வி கேட்டு அவர்களையே சொல்ல வைக்க வேண்டும் என்பது விதி.

அக்டோபரிலிருந்து ஒரு அட்டை தவறாமல் மூன்று மணிக்கு வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டது. டிசம்பர் 19 அன்று அது இப்படி எழுதியது: “அங்கிள், கால், அரை, முக்கால், அரைக்கால் எல்லாம் தெரியும். ஐந்தில் மூன்று டேப்பில் இல்லையே. எங்கே வெட்டுவது?” எந்த டேப் என்று கேட்டதற்கு, “இன்ச் டேப்தான். சீக்கிரம் சொல்லுங்கள், சாயங்காலம் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கணும்” என்று பதில் வந்தது.

பிள்ளைகளின் அட்டையில் பெரியவர்கள் வரக் கூடாது. அதனால் புகார் பதிவானது, அட்டை நின்றது. அது நீதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நடைமுறையில் நேர்ந்த ஒரு பிழையாக இதை எடுத்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். ஆக வேண்டியதைக் கவனிக்கிறேன்.

பாப்பா நலமா?

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தையல் கடையில் ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். “புகார் பதிவானது”, “அட்டை நின்றது”, “தெரியவந்தது”. யாரும் எதுவும் செய்யவில்லை, எல்லாம் தானாகவே நடந்திருக்கிறது போல. நீ நன்றாகத்தான் படித்திருக்கிறாய்.

அட்டை பாப்பா பெயரில் இருப்பதால் நோட்டீஸும் அவள் பெயருக்குத்தான் வந்தது. தனக்கு முதல்முதலாகத் தபால் வந்த சந்தோஷத்தில் அவளே பிரித்து, அடுப்பங்கரையில் நின்ற எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். “இந்த அட்டையை வயது வந்த ஒருவர் குழந்தை என்று கூறிப் பயன்படுத்தியது தெரியவருகிறது” என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. அதற்குமேல் படிக்காமல் மடித்து என் கையில் கொடுத்தாள். பத்து வயதுப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லையடா. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவள் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆறாவதுக்குப் பெரிய பள்ளியில் சேர மார்ச் ஆறாம் தேதி ஒரு தேர்வு இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம்தான், அங்கே எப்படிப் படிக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். இவளுக்குப் பின்னம் வரவில்லை. தினமும் நோட்டை என்னிடம் நீட்டுவாள். “நாளைக்குச் சொல்றேன், கண்ணு எரியுது” என்று எத்தனை நாள் சமாளிப்பது? இவள் அப்பா லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார், வந்தாலும் தூக்கம்தான். கடையில் மூன்று மணிக்கு டீ குடிக்கப் பதினைந்து நிமிஷம் விடுவார்கள். அந்த நேரத்தில் ஃபோனைப் பாபின் டப்பாமேல் சாய்த்து வைத்து, பிள்ளை மாதிரி உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஆறரை மணிக்கு அவளை உட்கார வைத்து, ஏதோ கருவிலேயே கற்றவள் மாதிரி சொல்லிக்கொடுப்பேன். அவளும் நம்பினாள். அம்மாவுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று மிஸ்ஸிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது நான் கேட்கிறேன், நீ சொல். நோட்டீஸின் அடியில் “பதிவு விவரங்களைச் சரிபார்த்துப் பரிந்துரைத்தவர்: உதவியாளர் 4” என்று இருக்கிறது. சரிபார்ப்பது என்றால் பெயரும் விலாசமும் பார்ப்பதுதானே? அதைப் பார்த்த பிறகுதானே பரிந்துரைத்திருக்க முடியும்? உன் கடிதத்தில் பிறகுதான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாய். எட்டாவது தாண்டாதவளுக்கும் எது முன்னால், எது பின்னால் என்று தெரியும்.

இன்னொன்று. உங்கள் உதவியாளர்களில் நாலாம் நம்பர்தான் எனக்குப் பிடித்தவர். ஏழாம் நம்பர் சிடுசிடுப்பார். நாலு பொறுமையாக, எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். “நல்ல மனுஷர், வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கும் போல” என்று எத்தனையோ தரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீதான் நாலா? கூடப் பிறந்தவனைப் போய் முப்பது தரமாவது அங்கிள் என்று கூப்பிட்டிருக்கிறேனே. இதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, உடம்பும் கூசுகிறது.

அட்டையைத் திறந்து கொடு. எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான் நாலு.

நீ பிடித்த இடம் சரி. பெயரைப் பார்த்த பிறகுதான் பரிந்துரைத்தேன். போன கடிதத்தை மூன்று தரம் கிழித்து எழுதினேன். ஒவ்வொரு தரமும் அந்த இடம் வந்ததும் பேனா தானாக வளைந்து போய்விட்டது. இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மற்ற பிள்ளைகள் விடை கிடைத்ததும் ஓடிவிடும். இது மட்டும் “சரி, ஏன் அப்படி?” என்று நிற்கும். புரிந்ததும் தன் பாணியில் திருப்பி எழுதிக் காட்டி, “இப்படியா?” என்று கேட்கும். மூன்று மணிக்கு அந்த எண் வந்தால் நானே முந்திக்கொண்டு எடுப்பேன். டேப் கேள்வி வந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “யாரோ டெய்லரம்மா பிள்ளை வேஷம் போடுதுப்பா” என்று சிரித்தார். எனக்கு ஏமாந்துபோன கோபம். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வியை அச்சடித்து, ‘இந்த வாரச் சிரிப்பு’ என்று ஒரு பலகை வைத்திருக்கிறோம், அதில் நானேதான் குத்தினேன்.

அதற்குப் பிறகுதான் விதிப்படி பதிவைத் திறந்தேன். பாப்பாவின் பெயரும் உன் தெருவும் இருந்தன. டேப்பைப் பற்றிக் கேட்டபோதே எனக்கு எங்கேயோ இடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கிற அந்த விதம் எனக்குத் தெரியாமல் போகுமா? பக்கத்து நாற்காலிக்காரர், “தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார். “யாரோ” என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ‘பரிந்துரை’ என்ற பொத்தானை அழுத்தினேன்.

ஏன் என்று நீ கேட்பாய். நீ தினமும் வந்துகொண்டே இருந்தால் ஒருநாள் யாருக்காவது நீ யார் என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இத்தனை நாள் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்கள் வரக் கூடாது என்று எழுதினேனே, பெற்றோர் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. முதல் பக்கத்திலேயே ‘பெற்றோர்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதைத் தொட்டால் போதும். தெரியாமல் வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். “நீங்கள் அம்மாவா? அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். முன்பின் தெரியாத எத்தனையோ அம்மாக்களுக்கு நான் அதை எழுதியிருக்கிறேன்.

அந்தக் காகிதம் உன் கடிதம் வந்த நாள் வரை பலகையில்தான் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் டீ எடுக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போனேன். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே என்று எடுக்கவில்லை. இப்போது எடுத்துவிட்டேன். பரிந்துரை தவறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாளில் அட்டை வேலை செய்யும்.

உன் முகத்தில் முழிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

தம்பி


பிப்ரவரி 5

தம்பிக்கு,

அட்டை வந்துவிட்டது. பாப்பா பயிற்சித் தாள்களை இறக்கி, அவளே போட்டுப் பார்க்கிறாள். என்னைப் பக்கத்தில் உட்கார விடுவதில்லை. முக்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். தப்பாகப் போட்டு அழிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. கேட்டால் சொல்லிக்கொடுக்க எனக்கு இப்போது தெரியும். கேட்க மாட்டேன் என்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அந்த “யாரோ” எனக்குப் புதிதாக இருந்தால்தானே வரும்?

எட்டாவதில் நான் இரண்டு தரம் கோட் அடித்து அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், மூன்றாவது வருஷம் நீ வந்து சேர்ந்தாய். என்னைவிட இரண்டு வயது சின்னவன் முன் பெஞ்சில், நான் கடைசி பெஞ்சில். பள்ளியைப் பார்க்க வந்த அதிகாரி ஒரு நாள் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, “ரெண்டு பேருக்கும் ஒரே இனிஷியல், ஒரே விலாசம். யாரு இவ உனக்கு?” என்று உன்னைக் கேட்டார். நீ புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவர் இரண்டு தரம் கேட்டார். கடைசியில் நான்தான் எழுந்து, “ஒரே தெரு சார்” என்றேன். நீ இதை மறந்திருக்கலாம். நான் சொன்ன பொய், அதனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்மேல் எனக்கு அன்றைக்குக் கோபமே இல்லை. இப்படி ஒரு அக்கா வாய்த்துவிட்டாளே என்று உனக்காக நான் வெட்கப்பட்டேன், அதுதான் உண்மை.

பிறகு மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் பிள்ளையின் பிறந்தநாளில், உன் மாமனார் வீட்டுக்காரர்கள் முன்னால், இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்த கதையை நான் சிரிப்பாகச் சொல்ல ஆரம்பித்தேன். “அக்கா, நீ உள்ள போய்த் தட்ட எடுத்து வை” என்றாய். எல்லோரும் கேட்டார்கள். தட்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். நானாகச் சொல்லிச் சிரித்தால் அந்தக் கதை கொஞ்சம் சின்னதாகும் என்று நினைத்தேன். நீ அதைப் பெரிதாக்கிவிட்டாய்.

உன்னை மட்டும் சொல்லி என்ன? நான் பத்தாவது பாஸ் என்று பாப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் சின்னவளாக இருந்தபோது வாய் தவறிச் சொன்னது, அதை அப்படியே வளர்த்துவிட்டேன். இப்போது அதைச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மார்ச் ஆறுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் எதை முதலில் சொல்வது, சொல்.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

அந்த அதிகாரியை நான் மறக்கவில்லை. நீ “ஒரே தெரு சார்” என்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பார், அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. பிறந்தநாள் அன்று நான் எதற்குக் குறுக்கே விழுந்தேன் என்று உனக்கு இப்போது புரியும். கதை அந்த அதிகாரி வரைக்கும் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்.

உன் கடிதம் கிடைத்த இரவு தூக்கம் இல்லை. திங்கள்கிழமை காலையில் எங்கள் பிரிவுக் கூட்டம். எல்லாம் முடிந்து பிரிவுத் தலைவர் மேடம் கோப்பை மூடும்போது எழுந்து நின்றேன். கையில் அந்தக் காகிதம். “பலகையில் ஒரு மாசம் இருந்துச்சே, டேப் கேள்வி, அதைக் கேட்டது என் சொந்த அக்கா” என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. எட்டாவதில் நீ மூன்று தரம் தவறியது, நாம் ஒரே வகுப்பில் இருந்தது, நான் வாய் திறக்காமல் நின்றது, தெரிந்தே அட்டையை நிறுத்தியது என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை அக்கா. பக்கத்து நாற்காலிக்காரர் தலை குனிந்துகொண்டார். ஏழாம் நம்பர் அம்மா கண்ணைத் துடைத்தார். அந்தப் ‘பெற்றோர்’ கட்டம் எங்கே இருக்கிறது என்று பெரிய எழுத்தில் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லிவிட்டார் மேடம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இருபத்தைந்து வருஷமாக நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

பாப்பாவிடம் நீயும் சொல்லிவிடு. சொல்லிவிட்டால் எவ்வளவு லேசாகிவிடும் தெரியுமா?

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

உனக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன். தேர்வு முடியட்டும் என்று வாயைக் கட்டி வைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன்.

உன் நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்டது, நல்லது. அது எங்கே இறங்கியது என்று பார்த்தாயா? நான் மூன்று தரம் ஃபெயிலானதை முன்பின் பார்த்திராத ஏழெட்டுப் பேர் முன்னால், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து வைத்திருக்கிறாய். தட்டு எடுத்து வைக்க உள்ளே அனுப்பியபோதும் என்னைக் கேட்கவில்லை, கூட்டத்தில் நிறுத்தியபோதும் கேட்கவில்லை. நீ தெரியாதது மாதிரி இருந்தபோது என் மானம் என்னிடம்தான் இருந்ததடா. பலகையில் இருந்த டெய்லரம்மா யாரோ. கண்ணைத் துடைத்தார்களே, அவர்கள் துடைத்தது என்னை நினைத்துப் பரிதாபப்பட்டு. அவர்களை நான் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை என்றாலும், அன்று முழுக்க எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரு காலர் பிரித்துப் பிரித்து மூன்று தரம் தைத்தேன்.

இதைப் படித்துவிட்டு இன்னொரு கூட்டம் கூட்டாதே.

பாப்பாவிடம் சொன்னேன். நீ சொன்னதற்காக இல்லை, வேறு வழி இல்லாமல் சொன்னேன். அவளைத் திருப்பி உட்கார வைக்காமல், அந்த முதுகைப் பார்த்தே சொன்னேன். பத்தாவது பாஸ் இல்லை, எட்டாவதே பாஸ் இல்லை, உன் மாமாவும் நானும் ஒரே வகுப்பு, நூலகத்தில் உன் பெயரில் பேசியதும் நான்தான் என்றேன். லேசாக எதுவும் ஆகவில்லை. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். இரண்டு நாள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். பள்ளிக்கூட வாசலில் என் கையை விட்டுவிட்டு நாலடி முன்னால் நடந்தாள். அந்த நாலடி எனக்குத் தெரிந்த நாலடி. உனக்கும் தெரிந்ததுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டைப் பார்த்தபடியே, “மூணு தடவையும் கணக்குலதானா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“எந்தக் கணக்கு?”

தசமம் என்றேன். தசமப் பெருக்கலில் புள்ளியை எங்கே வைப்பது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. அவள் ஃபோனில் நூலகப் பக்கத்தைத் திறந்து, அந்த வீடியோவை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன், புரியவில்லை. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னிடம் கேட்க அவளுக்கு ஏன் வாய் வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. முக்காலி இன்னும் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. நேற்று முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

தேர்வு எழுதிவிட்டாள். பின்னத்தில் மூன்று கேள்வி வந்ததாம். இரண்டு நிச்சயம் சரி, ஒன்று சந்தேகம் என்கிறாள். முடிவு ஏப்ரலில்.

எட்டாவதைத் தனித்தேர்வாக எழுதலாம் என்று கடைக்கு வந்த ஒரு அம்மா சொன்னார். வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன் என்றால், உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கணக்குக்கு எனக்கு வேறு ஆள் தெரியாது. அவ்வளவுதான்.

எனக்கென்று தனி அட்டை வாங்கிவிட்டேன். என் பெயர், என் வயது நாற்பத்தொன்று. வருகிற புதன்கிழமை மூன்று மணிக்கு வருவேன். கேள்வி பாப்பாவுக்காக இல்லை, எனக்காக. பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். முதல் வரியில் ‘அக்கா’ என்று எழுதிவிட்டுப் புள்ளியை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடு. உன் விரலுக்கு அது வராது என்றால் ஏழாம் நம்பரிடம் மாற்றிவிடு. சிடுசிடுத்தாலும் பரவாயில்லை, அவரிடமே கற்றுக்கொள்கிறேன். எனக்கு டீ நேரம் பதினைந்து நிமிஷம்தான்.

அக்கா